ஒகேனக்கல் தூண்டில்

ட்ரௌட் மீனுக்கு நீலகிரியின் குளிர்ந்த ஓடை வேண்டும். தருமபுரி மாவட்டத்துக் காவிரிக்கோ மகசீரே உரியது. கேழ்வரகு மாவுருண்டையையும் விழுங்கி, சிறுமீனையும் துரத்தும் சுபாவமுடைய அம்மீனுக்கு, நீர் கலங்கியிருக்கையில் பளபளக்கும் ஸ்பூனையும், தெளிந்திருக்கையில் சிறுமீனின் வர்ணத்தையொத்த மங்கலான பொய்யிரையையும் தேர்ந்து, பாறைமறைவில் வேகம் தணியும் நீரின் ஓரமாக நிதானமாய் இழுத்து வருவதே உசிதம். ஆயினும் வர்ணத்தைவிட முள்ளே எனக்குப் பிரதானமாகப் படுகிறது. காவிரிக்கே உரிய திமில் மகசீர் அழிவின் விளிம்பில் நிற்பதாக 2018-இல் சர்வதேசச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்க, அனுமதியுள்ள இடத்திலுங்கூட, பொய்யிரையோடு கோத்து விற்கப்படும் மும்முள்ளைக் கழற்றிவிட்டு, எதிர்முனை இல்லாத ஒற்றை முள்ளைப் பூட்டாதவர், அவ்வாற்றில் தூண்டில் நரம்பை வீசுவது நியாயமாகாது. அகப்பட்ட மகசீரை நீரைவிட்டுத் தூக்காமலே முள்ளெடுத்து விடுவித்தல் வேண்டும்.