பூட்டே ஆகாத விஎம்முக்கு எதுக்கு ஸ்பீடு?

இந்த வார எபிசோடில் பேசியதை இங்கே கொஞ்சம் காட்டமாகவே எழுதுகிறேன்: விஎம் முதலில் சும்மா பூட் ஆகட்டும். டியூனிங் எல்லாம் அப்புறம்.

விஎம்முக்குள் இன்னொரு விஎம் ஓட்டுவது இப்போ ரொம்ப சாதாரணம். குபர்னெட்டீஸ் லேப், ஆண்ட்ராய்டு எமுலேட்டர், சிஐ சர்வர் என்று நிறைய இடத்தில் தேவைப்படுது. லினக்ஸ் கேவிஎம்மில் 4.20 கெர்னலிலிருந்து இந்த வசதி தானாகவே ஆனாகி இருக்கும். பிரச்சினை அதில் இல்லை. வேறொரு சர்வரிலிருந்து அப்படியே காப்பி பண்ணி ஒட்டும் டியூனிங் வரிகளில்தான் இருக்கு.

ரியல்-டைம் ப்ரையாரிட்டியை எடுத்துக்கோங்க. 16 கோர் உள்ள நிஜ சர்வரில், ஒரு விசிபியுவை ஒரு கோரில் பின் பண்ணி 'ஃபிஃபோ' ஷெட்யூலர் கொடுத்தால் லேட்டன்சி குறையும். டிஸ்க் வேலையைப் பார்க்கும் க்யூஎமு த்ரெட்டுக்கு அங்கே வேறு கோர் இருக்கு. அதே கான்ஃபிகை 2 விசிபியு மட்டும் உள்ள ஒரு விஎம்முக்குள் வைத்தால், இரண்டும் ஒரே கோரில் மாட்டிக்கொள்ளலாம். உள் விஎம்மின் பயோஸ், டிஸ்கிலிருந்து பதில் வந்ததா வந்ததா என்று சுற்றிக்கொண்டே இருக்கும். பதில் தர வேண்டிய த்ரெட்டுக்கோ முறையே வராது. ஃபிஃபோ வேலை தானாக இடம் விடாது. கறுப்புத் திரை, அவ்வளவுதான்.

இதற்கு லினக்ஸிலேயே ஒரு பாதுகாப்பு உண்டு. வழக்கமாக ஒவ்வொரு விநாடியிலும் 0.95 விநாடி மட்டும்தான் ரியல்-டைம் வேலைகளுக்கு, மீதி மற்றவற்றுக்கு. லேட்டன்சியைக் குறைக்கிறோம் என்று அதையும் அணைத்துவிட்டால் தப்பிக்க வழியே இல்லை.

ஹேங் ஆனால் நடு விஎம்மில் 'டாப்' ஓட்டிப் பாருங்க. உள் விஎம்மின் விசிபியு த்ரெட் 100% காட்டினால் எங்கேயோ சுற்றிக்கொண்டு நிற்கிறது. முதலில் பின்னிங்கையும் ப்ரையாரிட்டியையும் சந்தேகப்படுங்க. 0% என்றால் வராத டைமருக்கோ இன்டரப்ட்டுக்கோ காத்திருக்கிறது. க்ளாக், சிபியு மாடல் அமைப்புகளைப் பாருங்க. எதுவானாலும் எல்லா டியூனிங்கையும் எடுத்துவிட்டு பூட் பண்ணுங்க. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்க.

"அப்போ டியூனிங்கே வேண்டாமா?" என்று கேட்பீங்க. வேண்டும், அதற்குரிய இடத்தில். நடு விஎம்மின் சிபியுவே ஹோஸ்ட் கொடுக்கும் நேரத்தில்தான் ஓடுது. ஹோஸ்ட் உறுதி தராத நேரத்தை வைத்து உள்ளே 'ரியல்-டைம்' என்று எழுதினால் அது வெறும் பெயர்தான்.

ஏன் போட்டது என்று தெரியாத வரியை நீக்க டீமில் யாருக்கும் தைரியம் வராது. ராத்திரி 2 மணிக்கு ஆன்-காலில் இருக்கும் ஜூனியருக்குக் கண்டிப்பா வராது. அதனால் என் கட்சி இதுதான்: ஒவ்வொரு டியூனிங் வரிக்கும் மேலே ஒரு கமென்ட் வேண்டும். போடுவதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று இரண்டு நம்பர். நம்பர் இல்லாத வரியை இந்த வாரமே தூக்கிடுங்க.