கால் ஓய்ந்த பிறகு



தொலைக்காட்சியில் காற்பந்தாட்டம் நடக்கும்போது பெரும்பாலும் இரண்டு குரல்கள் கேட்கும். ஒருவர் பந்து யாரிடம் இருக்கிறது, யார் உதைத்தார், கோல் விழுந்ததா என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போவார். அவர் வர்ணனையாளர். மற்றவர் நிதானமாகப் பேசுவார். அந்தக் கோல் ஏன் விழுந்தது, எந்தத் தற்காப்பு ஆட்டக்காரர் தம் இடத்தை விட்டு நகர்ந்தார் என்று விளக்குவார். இந்த இரண்டாமவர் பெரும்பாலும் முன்னாள் ஆட்டக்காரராகவோ பயிற்றுநராகவோ இருப்பார். நம் கண் பந்தின் பின்னாலேயே ஓடும். ஆடியவர் கண்ணோ பந்து இல்லாத இடத்தையும் பார்க்கும்.

இங்கிலாந்தில் இந்த வழக்கம் வேரூன்றக் காரணமானவர்களில் ஒருவர் ஜிம்மி ஹில். ஃபுல்ஹாம் குழுவில் ஆடியவர். ஆட்டக்காரர் சங்கத் தலைவராக இருந்து, வாரச் சம்பளம் 20 பவுண்டைத் தாண்டக்கூடாது என்ற விதியை 1961-இல் ஒழிக்கப் பாடுபட்டவர். சங்கத்தின் அருமை தோட்டத்து மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பிறகு அவர் தொலைக்காட்சிக்குப் போனார். 1972-இல் ஆர்சனல், லிவர்பூல் குழுக்கள் மோதிய ஆட்டத்தில் எல்லைக்கோட்டு நடுவர் காயமடைந்தார். பார்வையாளராக வந்திருந்த ஹில், நடுவர் பயிற்சி பெற்றவர் என்பதால், கொடியை வாங்கிக்கொண்டு கோட்டோரம் ஓடினார். தெரிந்த தொழிலைப் பற்றிப் பேசுகிறவர் பேச்சுக்கு மதிப்பு இப்படித்தான் வருகிறது.

நம் ஜொகூரிலும் ஒருவர் இருந்தார். 1960-இல் ஜொகூர் பாருவில் பிறந்த செர்பெகெத் சிங். ‘ஷெபி சிங்’ என்றால் பலருக்கும் தெரியும். தேசியக் குழுவில் தற்காப்பு ஆட்டக்காரர். ஆட்டத்தை விட்டபின், ஜொகூர் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரிலிருந்து இயங்கிய ஈ.எஸ்.பி.என். ஸ்டார் ஸ்போர்ட்ஸ் ஒளியலையில் ஆங்கிலக் காற்பந்தை ஆங்கிலத்திலேயே அலசினார். மழுப்பாமல் பேசுவார். அதற்காகவே மக்கள் அவரைக் கேட்டார்கள்.

2012-இல், இந்தியாவின் வெங்கீஸ் நிறுவனத்துக்குச் சொந்தமான பிளாக்பர்ன் ரோவர்ஸ் குழு அவரை உலகளாவிய ஆலோசகராக நியமித்தது. அங்கும் அதே நாக்கு! தொடர்ந்து மூன்று ஆட்டத்தில் தோற்றால் தலைமைப் பயிற்றுநர் ஸ்டீவ் கீன் இருக்க மாட்டார் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். பெரும் சர்ச்சை எழுந்தது. செப்டம்பர் இறுதியில் கீன் விலகினார். தொலைக்காட்சியில் பேசுகிறவருக்கு இருக்கும் சுதந்திரம் அதிகாரியின் நாற்காலியில் உட்கார்ந்தவருக்குக் கிடையாது. பேசத் தெரிவது ஒரு திறமை. எங்கே, எதைப் பேசுவது என்று தெரிவது இன்னொரு திறமை. 2022 ஜனவரி 12-இல், இஸ்கந்தார் புத்ரியில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தபோது சாய்ந்து, 61 வயதில் ஷெபி காலமானார்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? மகன் நன்றாகப் பந்து உதைக்கிறான் என்று படிப்பைக் கைவிடச் சம்மதிக்கும் பெற்றோர் உண்டு. பந்தைத் தொட்டாலே பிரம்பை எடுக்கும் பெற்றோரும் உண்டு. இரண்டுமே வேண்டாம். ஆட்டக்காரனின் கால் முப்பத்தைந்து வயது வரை உழைத்தாலே பெரிது. முழங்காலில் அடிபட்டால் இருபதிலேயே முடிந்துவிடும். அதற்குப் பின் சோறு போடப் போவது அவன் தலையில் இருப்பதும் நாக்கில் வருவதும்தான்.

ஆகவே பிள்ளை ஆடட்டும். ஆடிவிட்டு வீடு திரும்பியதும், “எத்தனை கோல்?” என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். “அந்தக் கோல் எப்படி விழுந்தது? யார் எங்கே நின்றிருந்தால் தடுத்திருக்கலாம்?” என்று கேளுங்கள். முதலில் தமிழில் சொல்லட்டும். பிறகு அதையே மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லிப் பார்க்கட்டும். தடுமாறினால் சிரிக்காதீர்கள், முடியும்வரை காத்திருங்கள். காசு செலவில்லாத பாடம் இது. இன்று மாலை திடலிலிருந்து வரும்போதே தொடங்கிவிடலாம்.