செருப்புப் போட்டுக்கிட்டு அரை

போன வாரம் கீழ்வேளூரில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்படியில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. உளுந்து மாவை வழித்துத் தரலாம் என்று கை வைத்தேன். சுருக்கென்று முழங்கை வரை இழுத்தது. பெரியம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வெறுங்காலோட ஏன் தொட்டே? அந்த ரப்பர் செருப்பைப் போட்டுக்க தம்பி. ஆறு மாசமா அது அப்படித்தான்" என்றார். சாமி அறைக்குள் செருப்போடு போகக்கூடாது, கிரைண்டரிடம் செருப்பில்லாமல் போகக்கூடாது. அந்த வீட்டின் ஆசாரம் அது.

வயர்மேனை அழைத்துவந்தேன். அவர் மெயின் போர்டைத் திறந்து, ஒரு விரலால் தட்டிக் காட்டினார். "எம்.சி.பி. போட்டிருக்குல்ல சார்? ஏதாவதுன்னா தானா விழுந்துடும்."

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை வீட்டில் கேட்டாயிற்று! புது வீடு கட்டுகிறவர் முதல் மாமனார் வீட்டுத் திண்ணையில் வம்பளப்பவர் வரை எல்லாருக்கும் இதே மந்திரம்தான். எம்.சி.பி. எதற்கு இருக்கிறது? சுவருக்குள் ஓடும் கம்பி சூடேறி எரியாமல் காக்க. 16 ஆம்பியர் எம்.சி.பி. என்றால் அதற்கு மேல் போனால்தான் அதற்கு உறுத்தும். ஈரக் கையும் ஈரக் காலுமாக நிற்கிற மனிதனின் உடம்புத் தடை ஏறக்குறைய ஆயிரம் ஓம். 230 வோல்ட்டில் அவர் வழியே ஓடுவது கால் ஆம்பியருக்கும் குறைவு. கூரையில் சுற்றும் ஃபேன் இழுப்பதும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆக, எம்.சி.பி.யின் கண்ணுக்கு ஒரு ஆள் செத்துக்கொண்டிருப்பதும் ஒரு ஃபேன் ஓடிக்கொண்டிருப்பதும் ஒன்று. ஃபேன் போட்டால் எம்.சி.பி. விழுகிறதா? விழாது. அப்புறம் பெரியம்மாவுக்காக மட்டும் ஏன் விழப்போகிறது?

30 மில்லி ஆம்பியரைத் தாண்டிச் சில நொடி ஓடினாலே இதயம் தாளம் தப்பலாம். 16 ஆம்பியர் என்பது பதினாறாயிரம் மில்லி ஆம்பியர். நடுவில் இருக்கும் தூரத்தில் மனிதர்களை எத்தனை முறை வேண்டுமானாலும் கொல்லலாம்.

போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் ஒத்துப்போகிறதா என்று கணக்குப் பார்த்து, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி வயர்மேனிடம் கேட்டேன். "அது அடிக்கடி விழும் சார், தொந்தரவு." விழுவதுதானே அதன் வேலை! நாய் குரைக்கிறது என்று நாயை விற்றுவிட்டுக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவதா?

எர்த்துக்கான மூன்றாவது பின்னைப் பற்றிப் பேசவே வேண்டாம். பெரியம்மாவின் கிரைண்டர் மூன்று பின்னோடு வந்தது; சுவரில் இரண்டு ஓட்டைதான். தடித்த பின்னை யாரோ இடுக்கியால் முறித்திருந்தார்கள். 2011-ல் மிக்சி, கிரைண்டர், ஃபேன் என்று அரசு இலவசங்கள் வந்து இறங்கியபோது ஊரே வரிசையில் நின்றது. வீட்டில் எர்த் இருக்கிறதா என்று அப்போது கேட்டவர் யார்? கஜா புயல் அடித்தது 2018 நவம்பரில். அன்று அவசரமாக இழுத்த வயர் இன்னும் சில இறவாரங்களில் ஆடிக்கொண்டிருக்கிறது, அதன் மேலே துணி காய்கிறது. எர்த் குழாய் புதைத்த வீடும் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். நம் களிமண் ஐப்பசியில் நன்றாகக் கடத்தும், சித்திரையில் வெடித்துப் பிளந்துவிடும். உப்புக்காற்று கிளாம்பை அரித்துவிடும். எர்த் குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. டீக்கடையில் காவிரியில் எத்தனை டி.எம்.சி. விட்டான் என்று கணக்குப் பார்க்க மட்டும் நாற்பது பேர்.

2022 ஏப்ரல் 27 விடிகாலையில் தஞ்சை களிமேட்டில் தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். ஒரு மாதம் ஊருக்கு ஊர் கம்பியை அண்ணாந்து பார்த்தார்கள். அடுப்படிக் கம்பியை ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. எலிக்கு வரப்பில் கரண்ட் வைக்கிறவர்கள் தனி ரகம். எலி தப்பித்துவிடும், அடுத்த வயல்காரர் மாட்டிக்கொள்வார்.

"கேடிலியப்பர் இருக்கிற ஊர், கேடு வராது" என்றார் பெரியப்பா. கோச்செங்கட் சோழன் அவருக்கு மாடக்கோயில் எழுப்பியபோது கிரைண்டர் இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. பெரியவர் என்பதால் விழுங்கிவிட்டேன். செருப்பு காலைத்தான் காக்கும், இன்னொரு கை தண்ணீர்க் குழாயைத் தொட்டால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நேற்றிரவு பெரியம்மா போன் செய்தார். நான் சொன்னதை யோசித்தார்களாம். புதுசாக இன்னொரு ஜோடி வாங்கியாயிற்றாம், பெரியப்பாவுக்கு.