பழசு வாங்கினால் பாவமா?

நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விருந்து முடிந்ததோ இல்லையோ, அமெரிக்காவில் கடை வாசல்களில் கூட்டம் கூடிவிடும். கிறிஸ்துமஸுக்கு மாமாவுக்கு ஒரு டை, அத்தைக்கு வாசனை மெழுகுவர்த்தி, ஆபீஸில் பக்கத்து சீட்காரருக்கு ஒரு காபி கோப்பை. விடுமுறை முடிந்ததும் அதே கடைகளில், ரசீதும் கையுமாகத் திருப்பிக் கொடுக்க இன்னொரு வரிசை. இதற்கு நடுவே ஒருத்தர் பழைய பொருள் கடைக்குப் போய், கவர் ஓரம் கிழிந்த ஜாஸ் சிடி ஒன்றை இரண்டு டாலருக்குத் தனக்கே தனக்கென்று வாங்கிக்கொண்டால் போதும். உடனே இரண்டு பட்டம் தயார்: கஞ்சன், சுயநலக்காரன்.

இரண்டும் அபாண்டம்.

முதலில் கணக்கு. (காமர்ஸ் மாணவர்கள் கவனிக்கவும், பரீட்சைக்கு வராது!) ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற பொருளாதார அறிஞர் 1993-ல் ஒரு கட்டுரை எழுதினார். வந்த பரிசுகளை நீங்களே வாங்குவதாக இருந்தால் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று மாணவர்களைக் கேட்டார். கொடுத்தவர் செலவழித்ததை விடக் குறைவாகத்தான் பதில் வந்தது. பரிசின் மதிப்பில் 10 சதவீதத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை காற்றில் போகிறது என்பது அவர் முடிவு. பாடப் புத்தகத்தில் வரும் அதே 'டெட்வெயிட் லாஸ்' தான். தனக்கு என்ன பிடிக்கும் என்று தெரிந்தவன் இரண்டு டாலருக்கு வாங்கும் சிடியில் இந்த நஷ்டம் எங்கே வரும்?

"உனக்கும் ஒன்று வாங்கிக்கொள்" என்று கடைக்காரர்களே விளம்பரம் செய்கிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் சொல்வது கிரெடிட் கார்டில் தேய்க்கும் புது ஹெட்போனை. பழைய பொருள் கடை வேறு ரகம். கணக்குப் பதிவியலில் குட்வில் என்றால் கண்ணுக்குத் தெரியாத சொத்து. அமெரிக்காவிலோ அது 1902-ல் பாஸ்டனில் பிறந்து, பழைய சாமான் விற்ற காசில் வேலைப் பயிற்சி நடத்தும் அமைப்பு. கஞ்சன் கொடுத்த இரண்டு டாலர் அங்கேதான் போகிறது!

அதோடு, ஜாஸ் ரசிகனைப் பார்த்து பழசு வாங்குகிறாயே என்று சிரிப்பது பெரிய வேடிக்கை. ஜாஸ் பாதிக்குப் பாதி செகண்ட் ஹேண்ட் சரக்கில் செய்ததுதானே. டியூக் எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் 1960-ல் சைக்கோவ்ஸ்கியின் நட்கிராக்கரை எடுத்து ஸ்விங் ஆக்கினார்கள். அதே வருடம் ஜான் கோல்ட்ரேன், பிராட்வே நாடகம் ஒன்றில் வந்த 'மை ஃபேவரிட் திங்ஸ்' பாட்டை எடுத்து 13 நிமிடத்துக்கு மேல் இழுத்து வாசித்தார். ஊரார் பாட்டு என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. 1965 டிசம்பரில் சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ் படத்துக்கு வின்ஸ் குவரால்டி போட்ட பியானோ இசையை, குழந்தைகள் படத்துக்கு ஜாஸா என்று டிவி கம்பெனி அதிகாரிகள்தான் முதலில் ரசிக்கவில்லை. அந்தப் படத்தில் பையன் பளபளக்கும் அலுமினிய மரங்களை எல்லாம் விட்டுவிட்டு வாடிய குட்டி மரத்தைத் தூக்கி வருவான். அவனுக்கும் பட்டம் கிடைத்தது.

ஒரு விஷயத்தை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். பழைய சிடி வாங்கினால் வாசித்தவருக்கு ஒரு காசு போகாது. கோல்ட்ரேன் 1967-லும் குவரால்டி 1976-லும் போய்விட்டார்கள், சரி. இன்று வாசிக்கிறவருக்கு வீட்டு வாடகை இருக்கிறது. டை வாங்காமல் மிச்சமான 30 டாலரில் பக்கத்து கிளப்பில் ஒரு டிக்கெட் எடுத்தால் அந்தக் கடனும் தீரும். மாமா ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார், அவரிடம் ஏற்கெனவே பத்து டை இருக்கும்.

லூயி ஆம்ஸ்ட்ராங் சிறுவனாக இருந்தபோது நியூ ஆர்லியன்ஸில் வாங்கிய கார்னெட், ஒரு அடகுக் கடையில் கிடந்தது. விலை 5 டாலர். முதலாளி வீட்டில் முன்பணம் வாங்கி, வாரம் கொஞ்சமாகக் கொடுத்துத் தீர்த்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். 1971 பிப்ரவரியில், சாவதற்குச் சில மாதம் முன்பு, நியூயார்க் வீட்டில் உட்கார்ந்து டேப் ரெக்கார்டரில் அவர் கடைசியாகப் பதிவு செய்தது ஒரு பழைய கிறிஸ்துமஸ் கவிதை. அந்தத் தட்டும் இப்போது ஏதாவது ஒரு பழைய பொருள் கடை அட்டைப் பெட்டியில் கிடக்கலாம்.