ரசமும் ரசீதும்

தோழா!

சென்ற மாதம் ஒரு மாலை, கொடைக்கானல் மலைமேல், மூஞ்சிக்கல்லில் தெருமுனைக் கூட்டம். வத்தலக்குண்டில் வியர்வை துடைத்த துண்டை, பெருமாள்மலை தாண்டும்போது காதோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். மேடை என்றால் இரண்டு மேசை, ஓர் ஒலிபெருக்கி, ஒரு குழல்விளக்கு. அந்த விளக்கிலும் பாதியைப் பனிமூட்டம் விழுங்கிவிட்டது. காரட் மூட்டை இறக்கியவர்கள், விடுதிகளில் அறை துடைத்தவர்கள், பூம்பாறையிலிருந்து பூண்டு ஏற்றிவந்த வண்டியில் தொற்றிக்கொண்டு வந்தவர்கள், இவர்கள்தாம் கேட்க வந்தவர்கள்.

பேச்சு முடிந்தது. வழக்கம்போல் துண்டு விரித்தோம். ஒரு மூதாட்டி முந்தானை முடிச்சை அவிழ்த்து, மடித்து மடித்து வைத்திருந்த 10 ரூபாய்த் தாளை எடுத்தார். துண்டிலே போடவில்லை. கையில் பிடித்தபடியே, "சீட்டுக் குடு தம்பி" என்றார்.

"பத்து ரூபாய்க்கு எதுக்கு ஆத்தா ரசீது?" என்று கிளைச் செயலாளர் சிரித்தார்.

மூதாட்டி சிரிக்கவில்லை. "நான் குடுத்தேன்னு எனக்குத் தெரியணும். நீ வாங்கினேன்னு ஊருக்குத் தெரியணும். எழுதுப்பா!"

எழுதினோம். ரசீது கைக்குப் போன பிறகே பத்து ரூபாய் நம் கைக்கு வந்தது. தோழா, அரசியல் நிதியைப் பற்றி நான் கேட்ட சொற்பொழிவுகள் ஏராளம். இவ்வளவு சுருக்கமாக, இவ்வளவு சரியாகச் சொன்னவர் வேறொருவரைக் கண்டதில்லை.

அதே மூஞ்சிக்கல்லில்தான், 2001 மார்ச்சில், ஒரு காயலான் கடை உலகச் செய்தியாயிற்று. காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் செய்யும் ஆலை ஒன்று கொடைக்கானலில் இருந்தது. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனில் இருந்து 1980-களின் தொடக்கத்தில் பெயர்த்துவந்து இங்கே நடப்பட்டது. பிறகு இந்துஸ்தான் லீவரின் உடைமையாயிற்று. பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் கடைத்தெருவிலே மூட்டை மூட்டையாகக் கிடப்பதை ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தனர். ஆலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிற்று. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கான உடன்பாடு கையெழுத்தாக 2016 ஆயிற்று.

அந்த நிறுவனம் எந்தக் கட்சிக்கும் பணம் கொடுத்தது என்று நான் சொல்ல வரவில்லை. பாதரசத்தின் குணத்தை நினைவூட்டவே அதைச் சொன்னேன். பார்வைக்கு வெள்ளிபோல் மின்னும். பிடிக்கப் போனால் உருண்டோடும். ஆவியானால் நிறமில்லை, மணமில்லை. மூச்சோடு உள்ளே போவது தெரியாது. கை நடுங்கத் தொடங்கும்போதுதான் தெரியும். இம்மலையின் அடிவாரத்திலே, பழனியிலே, போகர் நவபாஷாணத்தால் சிலை செய்தார் என்பார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் சித்த வைத்தியரிடம் ஒரு சொல் உண்டு: ரசத்தைக் 'கட்டுவது'. கட்டாத ரசம் நஞ்சு, கட்டிய ரசம் மருந்து என்பது அவர்கள் மொழி. தேர்தல் பணமும் அப்படித்தான், தோழா. பெயராலும் கணக்காலும் கட்டப்பட்ட பணம் இயக்கத்துக்கு மருந்து. கட்டப்படாத பணம் நஞ்சு. கடல் கடந்து வந்து, முகத்தை மூடிக்கொண்டு நுழையும் பணமோ, நாட்டின் நரம்பையே நடுங்க வைக்கும் நஞ்சு!

இது இன்று பிறந்த கவலையன்று. 1967 பொதுத்தேர்தல் முடிந்ததும், அந்நியப் பணம் விளையாடிற்று என்ற கூக்குரல் எழுந்தது. உள்துறை அமைச்சர் சவான் விசாரிக்க ஆணையிட்டார். விசாரணை அறிக்கை மக்கள் கண்ணுக்கு எட்டவில்லை. இங்கே அமெரிக்கத் தூதராக இருந்த மொய்னிகான் 1978-இல் வெளியிட்ட நூலில், கேரளத்திலும் மேற்கு வங்கத்திலும் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அமெரிக்க உளவுத்துறை இருமுறை காங்கிரசுக்குப் பணம் தந்தது என்று எழுதினார். சோவியத் உளவுத்துறையின் பணமும் பாய்ந்தது என்று மித்ரோகின் ஆவணங்களைக் கொண்டு எழுதப்பட்ட நூல் 2005-இல் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் மறுத்தார்கள். எது மெய், எது புனைவு என்று தீர்ப்பளிக்க ரசீது இல்லை. ரசீது இல்லாத இடத்தில் வதந்தி வாழும், உண்மை சாகும்.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-இல், ஒரு சட்டம் வந்தது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் என்று பெயர். கட்சியோ வேட்பாளரோ மக்கள் மன்ற உறுப்பினரோ அந்நியப் பணம் தொடலாகாது என்றது. பாதிக்கு மேற்பட்ட பங்கு அந்நியரிடம் இருந்தால், அந்த நிறுவனமும் அந்நியமே என்றது. 2010-இல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமும் அந்த வேலியைக் காத்தது.

வேலி இருந்தது. வேலியைத் தாண்டியது யார்?

2014 மார்ச் 28 அன்று டில்லி உயர்நீதிமன்றம் அந்தக் கேள்விக்கு விடை சொன்னது. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கமும், முன்னாள் அதிகாரி ஈ.ஏ.எஸ்.சர்மாவும் தொடுத்த வழக்கு அது. இலண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட வேதாந்தாவின் துணை நிறுவனங்களான ஸ்டெர்லைட், சேசா கோவா ஆகியவற்றிடம் நன்கொடை வாங்கியதன் மூலம் காங்கிரசும் பாரதிய ஜனதாவும் சட்டத்தை மீறின என்றது தீர்ப்பு. ஆறு மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்கும்படி அரசுக்கும் தேர்தல் ஆணையத்துக்கும் ஆணையிட்டது.

ஸ்டெர்லைட்! இந்தப் பெயரைத் தமிழனுக்கு எவரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தூத்துக்குடித் தாமிர ஆலையின் பெயர் அது. 2018 மே 22 அன்று, அந்த ஆலை வேண்டாம் என்று ஊர்வலம் போனவர்கள்மீது காவல்துறை சுட்டதில் 13 உயிர்கள் போயின. நன்கொடைக்கும் தோட்டாவுக்கும் முடிச்சுப் போட என்னிடம் சான்றில்லை. சான்றில்லாததைச் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று கேட்பேன். சுற்றுச்சூழல் விதியை மதித்தாயா என்று ஆலையைக் கேட்க வேண்டிய கட்சிகள், அந்த ஆலைக்காரர் பணத்தில் கொடி தைத்திருந்தால், கேட்கும்போது குரல் எழும்புமா? எழும்பினாலும் கேட்பவன் நம்புவானா?

நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன், சட்டம் படித்தவனல்லன். நாடகம் எழுதுகிறவன். அந்தத் தீர்ப்புக்குப் பின் நடந்ததை நான் காட்சியாக எழுதியிருந்தால், நம்பும்படி இல்லை என்று நடிகர்களே தாளைத் திருப்பித் தந்திருப்பார்கள்.

"நீ வாங்கியது குற்றம்" என்கிறார் நீதிபதி.

"ஆமாம் ஐயா. அதனால் 'குற்றம்' என்ற சொல்லின் பொருளை மாற்றிவிட்டேன்" என்கிறான் வாங்கியவன்.

"எப்போதிலிருந்து?"

"நான் வாங்கிய நாளுக்கு முன்பிருந்து!"

இதுதான் நடந்தது. 2016 நிதிச் சட்டத்தின் மடியில் ஒரு திருத்தத்தைச் செருகினார்கள். பாதிக்கு மேல் அந்நியப் பங்கு இருந்தாலும், முதலீட்டு வரம்புக்குள் இருந்தால் அது அந்நியம் ஆகாது என்றார்கள். 2010 செப்டம்பர் முதலே அது செல்லும் என்றும் எழுதிக்கொண்டார்கள். அதைக் காட்டி, உச்சநீதிமன்றத்தில் போட்டிருந்த மேல்முறையீடுகளை இரு கட்சிகளும் திரும்பப் பெற்றன. ஆனால் பழைய நன்கொடைகள் பழைய சட்டத்தின் காலத்தவை! ஓட்டை தெரிந்ததும், 2018 மார்ச்சில், மக்களவைக் கூச்சலுக்கிடையே, விவாதம் ஏதுமின்றி, மீண்டும் நிதி மசோதாவோடு சேர்த்து, 1976 ஆகஸ்டு 5 வரைக்கும் பின்னோக்கிப் போனார்கள்.

அந்த 2018-ஆம் ஆண்டு, தோழா, கொடைமலையில் குறிஞ்சி பூத்த ஆண்டு. பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து குறிஞ்சி முன்னோக்கிப் பூக்கிறது. டில்லியிலே பூத்த குறிஞ்சியோ 42 ஆண்டு பின்னோக்கிப் பூத்தது!

கட்டு முதலில், அனுமதி பிறகு என்ற வித்தை கொடைக்கானலுக்குப் புதிதல்ல. அனுமதித்த அளவை மீறி ஏழு மாடியாக எழும்பிய ஒரு விடுதிக்கு, 1994-இல் அரசு விலக்கு ஆணை தந்தது. பழனிமலைப் பாதுகாப்புக் குழுவினர் நீதிமன்றம் ஏறினார்கள். 1995-இல் உயர்நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது, உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த விவகாரத்தில் 2000 பிப்ரவரி 2 அன்று முன்னாள் முதலமைச்சருக்கு ஓராண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது. 2001-இல் மேல்முறையீட்டில் விடுதலை கிடைத்தது. தண்டனை வந்த அன்று தர்மபுரியில் பேருந்துக்குத் தீவைக்கப்பட்டு மூன்று மாணவியர் மாண்டதை நாடு மறக்கவில்லை. மலையிலே மாடிக்குத் தந்த பின்தேதி விலக்கை நீதிமன்றம் பறித்தது. டில்லியிலே பணத்துக்குத் தந்த பின்தேதி விலக்கோ சட்டப் புத்தகத்திலே சம்மணமிட்டு அமர்ந்தது.

இவற்றோடு 2017-இல் இன்னொரு கதவையும் திறந்தார்கள். தேர்தல் பத்திரம்! ஒரு நிறுவனம் தன் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 7.5 விழுக்காட்டுக்கு மேல் கொடுக்கலாகாது என்றிருந்த வரம்பு போயிற்று. கொடுத்தவர் பெயரை மக்களுக்குச் சொல்லவேண்டிய கடமையும் போயிற்று. பெயரளவு நிறுவனங்கள் முளைக்கும், அந்நியப் பணம் தடையின்றிப் புகும் என்று தேர்தல் ஆணையமே எச்சரித்தது. கேட்கவில்லை. 30 தவணைகளில் 16,518 கோடி ரூபாய்ப் பத்திரங்கள் விற்றன. மூஞ்சிக்கல் மூதாட்டி பத்து ரூபாய்க்குக் கேட்ட ரசீது, பதினாறாயிரம் கோடிக்கு இல்லை!

2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, பத்திரத் திட்டம் அரசியல் சட்டத்துக்கு முரண் என்று வீழ்த்தியது. மூடிய பட்டியல் திறந்தது. வேதாந்தா சுமார் 400 கோடிக்குப் பத்திரம் வாங்கியிருந்தது தெரிந்தது. அதிகம் பெற்றது ஒன்றிய ஆளுங்கட்சி என்பதும் தெரிந்தது. தமிழ்நாட்டைப் பற்றியும் சொல்லிவிடுவோம். சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கே மதிப்பில்லை. 2003 முதல் லாட்டரிக்குத் தடையுள்ள மாநிலம் இது. இங்கே தி.மு.க. பத்திரம் வழியாகப் பெற்ற 656.5 கோடியில் 509 கோடி ஒரு லாட்டரி நிறுவனத்தினுடையது. அது உள்நாட்டுப் பணந்தான், அன்றைய சட்டம் அனுமதித்த பணந்தான். ஆயினும், யார் கொடுத்தது என்று அன்றே வாக்காளனுக்குச் சொல்லியிருக்க வேண்டாமா? கொடி எந்த நிறமாயினும் கேள்வி ஒரே நிறந்தான்.

பத்திரம் போயிற்று. ஆனால் 2016, 2018 திருத்தங்களை அந்தத் தீர்ப்பு தொடவில்லை என்பதை மறந்துவிடாதே.

"இந்தியாவிலே பதிவான நிறுவனம், இந்தியருக்கு வேலை தருகிறது, வரி கட்டுகிறது, அதை அந்நியம் என்பது பழைய பஞ்சாங்கம்" என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். பங்குச் சந்தையில் பங்கு இடம் மாறியதாலேயே நேற்றுவரை உள்நாட்டு நிறுவனமாக இருந்தது இன்று அந்நியமாகிவிடலாம் என்பதும் உண்மை. என் விடை இது: வணிகம் செய்யட்டும், வாழட்டும், வேலை தரட்டும். வாக்குரிமை அதற்கு இல்லை. வாக்கை வளைக்கும் உரிமை மட்டும் ஏன்? சிங்கப்பூரிலும் துபாயிலும் வியர்வை சிந்தும் நம் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து கட்சிக்குக் கொடுக்கச் சட்டம் இடந்தருகிறது. அவனுக்கு இங்கே வீடுண்டு, வாக்குண்டு, சுடுகாடுண்டு. வேறு நாட்டில் கூடும் பங்குதாரர் கூட்டத்துக்கு இங்கே என்ன உண்டு?

பணம் கொடுப்பவர் "எனக்கு வாக்களி" என்று கேட்பதில்லை. தரகர் ஒருவர் வருவார். ஒரு விதியில் ஒரு சொல், ஒரு அட்டவணையில் ஒரு எண், ஒரு சட்டத்தில் ஒரு தேதி, இவ்வளவுதான் கேட்பார். அயல்நாட்டுக்காகப் பேசும் தரகர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அமெரிக்கா 1938-இலேயே சட்டம் செய்தது. நம் நாட்டில் அவருக்குப் பதிவேடு இல்லை. 'நலம்விரும்பி' என்ற பட்டம் மட்டும் உண்டு.

சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சத்துக்கு மேல் செலவிடலாகாது என்று 2022-இல் வரம்பு வைத்தார்கள். கட்சிக்கு வரம்பே இல்லை. கொடைமலை வாக்காளன் பழனித் தொகுதியில் வாக்களிக்கிறான். வேட்பாளரின் கணக்கு அவன் கண்ணுக்குத் தெரியும். கட்சிக்குப் பாயும் ஆறு தெரியாது. பணம் பிடிபட்டு 2019 ஏப்ரலில் வேலூர்த் தேர்தலே நிறுத்தப்பட்டதே, அது ஆற்றின் கடைமடை. தலைமடையை யார் பார்ப்பது?

நீதான், தோழா! பசை வாளி சுமப்பவன் நீ. பனியில் துண்டு விரிப்பவன் நீ. பெரும்பணம் வந்தால் முதலில் வேலையிழப்பவனும் நீதான். ஒரே காசோலையில் பல கோடி வரும் கட்சிக்கு, பத்து ரூபாய் திரட்டும் தொண்டன் எதற்கு? நாளை உன் தலைவர்கள் காசோலைக்காரரைத் தேடிப் போவார்கள், உன்னைத் தேடி வரமாட்டார்கள்.

ஆகவே கேள். 1976-இன் வேலியை மறுபடி நடு என்று நாடாளுமன்றத்தைக் கேள். 20,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தவர் பெயரைத்தான் கட்சி சொல்ல வேண்டும் என்றிருக்கிறது. அதற்குக் கீழுள்ள கணக்கையும் காட்டு என்று கேள். அதற்கு முன், உன் கிளையின் கணக்கைச் சுவரிலே ஒட்டு. பிறகு உன் தலைமையைக் கேள். கேட்பது துரோகமன்று. கேட்காமலிருப்பதே துரோகம்.

அந்தப் பத்து ரூபாயின் அடிக்கட்டை என் மேசைமேல் இருக்கிறது. பனியில் நனைந்து மை சற்றே பரவியிருக்கிறது. ஆனால் பெயர் தெளிவாகத் தெரிகிறது.