ஒரு போல்ட்டுக்காக நிற்கும் அறுவடை இயந்திரம்

இன்னும் சில வாரங்களில் சிதம்பரம், காட்டுமன்னார்கோவில், புவனகிரி, குமராட்சி பகுதிகளில் சம்பா அறுவடை தொடங்கிவிடும். சேலம், ஆத்தூர் பக்கமிருந்து அறுவடை இயந்திரங்கள் லாரிகளில் வந்து இறங்கும். "மிஷின் எப்போ வரும்? மணிக்கு எவ்வளவு?" என்ற இரண்டு கேள்விகள்தான் எல்லா ஊர் டீக்கடையிலும் கேட்கும். மூன்றாவதாக ஒன்றையும் கேட்கலாம் என்பது என் கருத்து: வந்த மிஷின் வயலில் நின்றுவிட்டால், மாற்றிப் போட டிரைவர் கையில் என்ன இருக்கிறது?

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர், அறுவடை இயந்திரம் போன்றவற்றின் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. டிராக்டர் டயருக்கும், டிராக்டருக்கென்றே குறிப்பிடப்பட்ட பாகங்களுக்கும் 18-லிருந்து 5 ஆனது. வரிக்கு முன் ஆயிரம் ரூபாய் விலையுள்ள அத்தகைய பாகம் 1,180-க்குப் பதில் 1,050 ரூபாய்க்குக் கிடைக்க வேண்டும். பழைய விலையே பில்லில் இருந்தால் கடைக்காரரிடம் கேளுங்கள். ஆனால் போல்ட், நட்டு, பேரிங் போன்றவை பொது இயந்திரப் பொருள்களின் வரிசையில் 18 சதவீதத்திலேயே நிற்கின்றன. வயலில் மிஷினை அதிகம் நிறுத்துபவையும் இவைதான்.

வரி ஒரு பக்கம் இருக்கட்டும். பெரிய இழப்பு பொருளின் விலையில் இல்லை, காத்திருக்கும் நேரத்தில் இருக்கிறது. நிலமும் பயிரும் ஒத்துழைத்தால் செயின் வகை இயந்திரம் மணிக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் அறுக்கும். இரண்டு நாள் நின்றால் பதினைந்து ஏக்கருக்கு மேல் வரிசையில் தேங்கும். கதிரில் 80 சதவீத மணிகள் பழுத்ததும் அறுக்க வேண்டும் என்று நாங்கள் பயிற்சிகளில் சொல்கிறோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் மணி உதிரும், பயிர் சாயும். உறக்கநிலை இல்லாத ரகமென்றால், மழை பட்டதும் கதிரிலேயே முளை கட்டும். 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் தவறிப் பெய்த மழை டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல்லை என்ன செய்தது என்பது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்குள் நெல்லைக் கொண்டுபோக முடியாமல் சாலையில் காய வைத்தவர்கள் பலர். மழைக்கு முந்தைய நாளே அறுத்து முடித்தவருக்கும், மிஷின் நின்றதால் மறுநாளுக்குத் தள்ளியவருக்கும் வரும்படியில் எவ்வளவு வேறுபாடு இருந்திருக்கும்!

எனக்கே ஓர் அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் சிதம்பரத்துக்குக் கிழக்கே ஒரு விவசாயியின் வயலில் ரகச் சோதனை வைத்திருந்தோம். பாதி அறுத்ததும் கட்டர் பாரை ஓட்டும் பக்கத்தில் ஒரு பேரிங் உடைந்தது. சில நூறு ரூபாய்ச் சாமான். டிரைவரிடம் இல்லை, ஊரில் கடை மூடிவிட்டது. காலையில் கடலூருக்கு பஸ் ஏறியவர் திரும்பி வர மதியமாகிவிட்டது. இடையில் இரவு மழை கொட்டி, மீதிப் பயிர் தரையோடு படுத்தது. மூன்று ரெப்ளிகேஷனில் ஒன்றின் மகசூலை நாங்கள் கணக்கிலேயே எடுக்க முடியவில்லை. எங்களுக்குப் போனது ஒரு வருடத் தரவு. அந்த விவசாயிக்குப் போனது நெல்.

இனி போல்ட்டுக்கு வருவோம். இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் படித்தவர்களும் இதில் தவறுகிறார்கள். போல்ட்டின் தலையில் 8.8 என்று எழுதியிருந்தால் முதல் எண், சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 80 கிலோ இழுவிசை வரை அது அறாது என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எண், அந்த வலுவில் எத்தனை பங்கு வரை நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பதைச் சொல்கிறது: பத்தில் எட்டு, அதாவது 64 கிலோ. சாதாரண 4.6 போல்ட்டுக்கு இந்தக் கணக்கு 40, 24. போல்ட் பிடிப்பதே, முறுக்கும்போது சிறிது இழுபட்டு ஸ்பிரிங் போல இறுக்குவதால்தான். வலு குறைந்த போல்ட்டை அதே அளவு முறுக்கினால் நீண்டுவிடும், திரும்பி இறுக்காது. மிஷினின் அதிர்வில் நட்டு தளரும், துளை முட்டை வடிவமாகும், பிறகு போல்ட் அறும். "போன வாரம்தான் புதுசு போட்டேன்" என்று டிரைவர் சொல்வது பொய்யல்ல. தலையில் தர எண்ணோ தயாரிப்பாளர் குறியோ இல்லாத போல்ட்டை 4.6 என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மரை. பட்டறைகளில் இன்றும் சூத்துக் கணக்கில் போல்ட் கேட்கிறோம். மிஷினிலோ மில்லிமீட்டர் அளவு. அதிலும் ஜப்பான் வடிவமைப்பு இயந்திரங்களில் 10 மி.மீ. போல்ட்டின் மரை இடைவெளி பல இடங்களில் 1.25 மி.மீ.; கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 1.5 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். முதல் இரண்டு சுற்று ஏறும், பிறகு ஸ்பானரைப் போட்டு அழுத்துவோம். அத்துடன் வார்ப்பின் உள்மரை போய்விடும். இருபது ரூபாய் போல்ட்டுக்காக ஒரு ஹவுசிங்கையே மாற்ற நேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். கழற்றிய பழைய போல்ட்டைக் கடைக்குக் கொண்டுபோய், புது நட்டை அதில் கையாலேயே ஏற்றிப் பார்த்து வாங்குவதுதான் பாதுகாப்பு. நைலான் வளையம் உள்ள நட்டை ஒரு முறை கழற்றினால் மறுபடி போடாதீர்கள், அதன் பிடிப்பு குறைந்துவிடும்.

அதற்காக எல்லா இடத்திலும் கெட்டி போல்ட் போடலாம் என்று நினைக்க வேண்டாம். ரோட்டவேட்டர், வைக்கோல் கட்டும் இயந்திரம் ஆகியவற்றில் சில மாடல்களின் பி.டி.ஓ. தண்டில், சுமை மீறினால் அறுந்துபோகட்டும் என்றே ஒரு போல்ட் வைத்திருப்பார்கள். அது அடிக்கடி அறுகிறதே என்று 8.8 போட்டாலோ வெல்டிங் வைத்தாலோ, அடுத்த முறை கட்டை சிக்கும்போது அறுவது கியர்பாக்ஸ். அங்கே புத்தகத்தில் சொன்ன தரம்தான் போட வேண்டும். பத்து போல்ட் வாங்கி டூல் பாக்ஸில் போட்டுவைப்பது வெல்டிங் கூலியைவிட மலிவு.

எதை எவ்வளவு இருப்பு வைப்பது? நம் மாவட்டத்திலேயே நெய்வேலி இருக்கிறது. நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கம் நடக்கும். இப்படி நிற்காமல் ஓட வேண்டிய பெரிய தொழில்களில் ஸ்டோர் பொருள்களை மூன்றாகப் பிரிப்பது வழக்கம்: இல்லாவிட்டால் வேலை அங்கேயே நிற்கும் பொருள், சில நாள் சமாளிக்கலாம் என்ற பொருள், இருந்தால் நல்லது என்ற பொருள். விலையைப் பார்த்து இந்தப் பிரிவு செய்வதில்லை. அறுவடை இயந்திரத்தில் முதல் வகை என்று நான் சொல்வது கட்டர் பிளேடும் அதன் ரிவெட்டும், ரீல் விரல்கள், ஒவ்வொரு வி-பெல்ட்டிலும் ஒன்று, செயின் இணைப்புக் கண்ணி, கட்டர் பார் பக்கத்துப் பேரிங், பிறகு அந்த மிஷினுக்கான போல்ட் நட்டு ஒரு டப்பா. பெல்ட்டை வாங்கும்போது அதன் மேல் உள்ள எழுத்தையும் நீளத்தையும் பார்த்து வாங்குங்கள். ஏ வகையின் மேல்பக்க அகலம் 13 மி.மீ., பி வகை 17 மி.மீ.; ஒன்றுக்குப் பதில் ஒன்று ஓடாது. நம் கடலோர உப்புக் காற்றில் போல்ட்டும் பேரிங்கும் திறந்து கிடந்தால் ஒரே மழைக்காலத்தில் துருவேறும். எண்ணெய்த் தாளில் சுற்றி, மூடிய டப்பாவில் வையுங்கள்.

தனி விவசாயி இதையெல்லாம் வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். இது வாடகை மையங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் செய்ய வேண்டிய வேலை. 2014-15-ல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் மானியம் வாங்கி மிஷின் எடுத்த மையங்கள் நிறைய. ஆனால் ஆய்வுக் கூட்டங்களில் எத்தனை மிஷின் கொடுத்தோம் என்பதைத்தான் கேட்கிறோம். அறுவடை மாதத்தில் அது எத்தனை நாள் ஓடியது, எதனால் நின்றது என்று கேட்பது அபூர்வம். விரிவாக்கப் பணியாளர்களிடம் நான் கேட்பது ஒரு நோட்டு: தேதி, நின்ற நேரம், உடைந்த பாகம், அதன் பாக எண், எங்கே கிடைத்தது, மறுபடி ஓட எத்தனை மணி ஆனது. இரண்டு சம்பாவுக்கு எழுதினால் போதும். சிதம்பரத்தில் எந்தச் சாமான் எத்தனை வேண்டும் என்று அதுவே காட்டிவிடும். அந்தப் பட்டியலோடு ஊர்க் கடைக்காரரிடம் மார்கழியிலேயே பேசலாம். விற்காததைத் தை முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ள மொத்த வியாபாரி சம்மதித்தால், முதல் போடுவதில் அவருக்கும் பயம் இருக்காது.

வெளியூர் மிஷின் பேசும் விவசாயிகள், முன்பணம் கொடுப்பதற்கு முன் டிரைவரின் டூல் பாக்ஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பழுதில் நிற்கும் நேரத்துக்கு வாடகை இல்லை என்பதையும், மிஷின் எந்த மாடல் என்பதையும் அப்போதே பேசிக் குறித்துக்கொள்ளுங்கள். மாடல் தெரிந்தால், ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு மிஷின் நிற்கும்போது எந்தக் கடைக்குப் போன் செய்வது என்பதாவது தெரியும்.