ஒரு கணிப்பொறியில் இரு இயங்குதளங்கள்

முன்னுரை

ஓலையில் வாழ்ந்து, தாளில் வளர்ந்து, இன்று கணிப்பொறித் திரையில் உலா வருகின்றது நம் தமிழ். ஓலையைக் கறையான் அரித்தது. தாளை ஈரம் கெடுத்தது. கணிப்பொறியில் ஏறிவிட்ட எழுத்துக்கு இனி அழிவில்லை என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றோம். அவ்வெண்ணம் முற்றும் சரியன்று என்பதை எடுத்துரைப்பதும், அதற்கு ஒரு காப்பாகத் தமிழ்த்துறைக் கணிப்பொறிகளில் விண்டோஸ், லினக்ஸ் ஆகிய இரண்டு இயங்குதளங்களையும் அருகருகே நிறுவுதல் வேண்டும் என்னும் கருத்தை முன்வைப்பதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

"இது கணிப்பொறியியல் துறையினர் பேச வேண்டிய பொருளாயிற்றே! தமிழாசிரியர்க்கு இங்கென்ன வேலை?" எனச் சிலர் வினவக்கூடும். சுவடியைப் பதிப்பித்தவர்கள் எழுதுபொருளைப் பற்றியும் அறிந்திருந்தார்கள். ஏட்டுக்கு எண்ணெய் பூசவும் அறிந்திருந்தார்கள். அவ்வகையில் நம் காலத்து ஏடாகிய கணிப்பொறியைப் பற்றி நாமும் ஓரளவேனும் அறிந்திருத்தல் கடமையே எனலாம்.

இயங்குதளம் என்பது யாது?

விசைப்பலகை, திரை, நினைவகம், வன்தட்டு ஆகிய உறுப்புகளை ஒருங்கிணைத்து, நாம் இடும் பணிகளைச் செய்விக்கும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். கணிப்பொறி வேறு, இயங்குதளம் வேறு. இவ்வேறுபாட்டை நம் மாணவர் பலர் அறியார். 'கணிப்பொறி என்றாலே விண்டோஸ்தான்' என்பதே அவர்தம் எண்ணம்.

விண்டோஸ் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் படைப்பு. 1985இல் முதன்முதலாக வெளிவந்தது. உரிமத்தை விலைக்குப் பெறுதல் வேண்டும். அதன் மூல நிரலை நாம் காண இயலாது. லினக்சின் வரலாறோ வேறு. மென்பொருளை எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் உரிமை வேண்டும் என்னும் கொள்கையுடன் ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் உயிர்நாடியான கருநிரலை எழுதி வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்து உருவானதே இன்று நாம் லினக்ஸ் என்று வழங்குவது. அதே 1991இல்தான் ஒருங்குறியின் முதற்பதிப்பு தமிழுக்கும் இடமளித்து வெளிவந்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

பரணில் உறங்கும் பாடம்

எழுத்தைத் திறக்கும் வழி அடைபட்டால் நேரும் இழப்பு எத்தகையது என்பதை நம் சமுதாயத்திற்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. நம் முன்னோர் ஒரே தமிழை இருவகை எழுத்தில் எழுதினர். இடமிருந்து வலமாகச் செல்லும் தமிழெழுத்தையும் அறிந்திருந்தனர். தமிழுக்கேயுரிய ஒலிகளைக் குறிக்க அரபி எழுத்துகளில் புள்ளியும் குறியும் சேர்த்து வலமிருந்து இடமாக எழுதும் அரபுத்தமிழையும் அறிந்திருந்தனர். மார்க்கச் சட்ட நூல்களும் துதிப்பாடல்களும் மருத்துவக் குறிப்புகளும் அவ்வெழுத்தில் எழுதப்பெற்றன. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்மக்களும் அதனைச் சரளமாக வாசித்தனர்.

இன்று அந்நூல்கள் பல வீடுகளில் பரண்மீது உறங்குகின்றன. அவற்றுள் இருப்பது தமிழே. வாய்விட்டு வாசித்தால் வீட்டிலுள்ளோர் அனைவர்க்கும் விளங்கும். ஆயினும் வாசிப்பார் அருகிவிட்டனர். இரண்டு எழுத்தையும் அறிந்த தலைமுறை இருந்தவரை இலக்கியம் வாழ்ந்தது. ஒன்று போதும் என்று நாம் அமைந்துவிட்டபோது மற்றதிலிருந்த செல்வம் பூட்டிய பெட்டியாயிற்று. நூல் அழியவில்லை, திறவுகோல்தான் தொலைந்தது.

நம் ஆய்வேட்டின் கதை

இதே இழப்பை நாம் கணிப்பொறியிலும் கண்டோம். 2004ஆம் ஆண்டு நம் எம்.ஃபில். ஆய்வேட்டை ஒரு தட்டச்சு நிலையத்தில் கொடுத்துக் கணிப்பொறியில் அச்சிட்டோம். கோப்பினை நெகிழ்வட்டிலும், பின்னர்க் குறுந்தகட்டிலும் பத்திரப்படுத்தினோம். பல ஆண்டுகள் கழித்து நூலாக்கும் எண்ணத்துடன் அதனைத் திறந்தபோது, திரையில் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளும் பொருளற்ற குறிகளும் நிரம்பிக் கிடந்தன.

காரணம் எளியது. அக்காலத்தில் ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின்மீதே தமிழ் உருவங்களை ஏற்றி எழுத்துருக்கள் ஆக்கப்பட்டன. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வரிசையில் ஏற்றினர். இக்குழப்பத்தைத் தீர்க்கவே 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்இணையம் 99 மாநாடு கூடி, தமிழ்99 விசைப்பலகைக்கும் குறியேற்றத் தரங்களுக்கும் வழிவகுத்தது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியையும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. பரவலாக வழங்கிய பழைய எழுத்துருக்களை ஒருங்குறிக்கு மாற்றும் மென்பொருள்கள் இன்று உள்ளன. நம் ஆய்வேட்டின் எழுத்துருவோ எந்தப் பட்டியலிலும் அகப்படவில்லை. கட்டடம் செய்த படியை அருகில் வைத்து, 170 பக்கங்களையும் முதலிலிருந்து தட்டச்சு செய்தோம். தாளே நம்மைக் காத்தது, கணிப்பொறி காக்கவில்லை.

இரண்டாவது தளம் ஓர் உரைகல்

இரண்டு இயங்குதளங்கள் வேண்டும் என நாம் கூறுவதன் முதன்மையான காரணம் இதுவே. ஒரே தளத்தில், ஒரே மென்பொருளில் எழுதி, அதிலேயே திறந்து பார்க்கும்வரை நம் எழுத்து நம் கையில் இருக்கின்றதா, அம்மென்பொருளின் கையில் இருக்கின்றதா என்பது புலப்படுவதில்லை. விண்டோசில் எழுதிய கோப்பை லினக்சில் திறக்கும்போதுதான் உண்மை வெளிப்படும். ஒருங்குறியில் எழுதியிருந்தால் எழுத்துரு மாறிய போதிலும் எழுத்து மாறாது. பழைய எழுத்துருவில் எழுதியிருந்தால் குட்டு அக்கணமே வெளிப்பட்டுவிடும். பொன்னுக்கு உரைகல் போன்று, எழுத்துக்கு இரண்டாவது தளம் அமைகின்றது. இரண்டிலும் பிழையின்றித் திறக்கும் கோப்பே நாளைய தலைமுறைக்கும் திறக்கும் என்று நாம் ஓரளவு நம்பலாம்.

இதற்கு வேண்டிய கருவிகள் யாவும் கிடைக்கின்றன. தமிழ்99 விசைப்பலகை இரு தளங்களிலும் உண்டு. லிபர் ஆஃபிஸ் என்னும் அலுவலகச் செயலித் தொகுப்பு இரண்டிலும் இயங்குகின்றது. அது பயன்படுத்தும் திறந்த ஆவண வடிவம் 2006இலேயே பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. நோட்டோ, லோகித் போன்ற தமிழ் எழுத்துருக்களை எவரும் உரிமையுடன் படியெடுத்துக்கொள்ளலாம்.

நேர்மையும் சிக்கனமும்

இரண்டாவது காரணம் மனச்சான்று பற்றியது. உரிமம் பெறாத மென்பொருளைப் படியெடுத்துப் பயன்படுத்தும் வழக்கம் நம் வீடுகளிலும் கடைகளிலும் மலிந்திருப்பது ஊரறிந்த செய்தி. பிறர் உழைப்பை அவர் இசைவின்றி எடுத்தாள்வது ஹலாலான செயலாகுமா? உணவில் காட்டும் பேணுதலை மென்பொருளில் காட்டாதிருப்பது பொருந்துமா? விலை கொடுக்க இயலுமாயின் கொடுத்து வாங்குவோம். இயலாதெனின், 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று ஆக்கியோரே மனமுவந்து அளிப்பதை ஏற்போம். திருட்டுப்படிக்குத் தேவையே இல்லாத வழி இருக்கையில் அதனை மாணவர்க்குக் காட்டாதிருப்பது ஆசிரியர் குற்றமேயாகும்.

மூன்றாவது காரணம் சிக்கனம். விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவடைந்தது. விண்டோஸ் 11க்கோ டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பு முதலிய தகுதிகள் வேண்டும். அவையற்ற கணிப்பொறிகள் உடலில் நலமாயிருந்தும் ஒதுக்கப்படுகின்றன. எளிய வகை லினக்சை நிறுவினால் அவற்றுள் பல மேலும் சில ஆண்டுகள் உழைக்கும். வீண்விரயம் நம் மார்க்கம் வெறுப்பது என்பதைப் பெரியோர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

நிறுவும் முறை

ஒரு வீட்டைத் தடுத்து இரு குடும்பங்கள் வாழ்வது போன்றதே இந்த ஏற்பாடு. வன்தட்டு பாகங்களாகப் பிரிக்கப்படுகின்றது. பழைய முறையில் தட்டின் முதல் 512 பைட்டுகளுக்குள்ளேயே துவக்க நிரலும் பாகப் பட்டியலும் அடங்க வேண்டும். ஒருங்குறியில் இரண்டு வெண்பாக்கூட முழுமையாய் அடங்காத இடம் அது! ஆகவே முதன்மைப் பாகங்கள் நான்குக்கு மேல் இயலா. ஜிபிடி என்னும் புதிய முறையில் வழக்கமாக 128 பாகங்கள் வரை அமைக்கலாம்.

500 ஜி.பி. தட்டாயின் விண்டோசுக்கு 200, லினக்சுக்கு 60, எஞ்சியதை இரண்டுக்கும் பொதுவான களஞ்சியமாக ஒதுக்கலாம். விண்டோசை முதலிலும் லினக்சை அடுத்தும் நிறுவுதல் நலம். விண்டோஸ் பின்னர் வந்தால் துவக்க வாயிலைத் தனதாக்கிக்கொள்வதுண்டு. லினக்சுடன் வரும் கிரப் என்னும் துவக்கியோ இரண்டையும் பட்டியலிட்டு, எதனைத் திறக்கலாம் என நம்மைக் கேட்கும். நிறுவுமுன் லினக்சைப் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்த்து, அச்சுப்பொறியும் இணையத் தொடர்பும் இயங்குகின்றனவா எனச் சோதித்தறியலாம். விண்டோசில் பிட்லாக்கர் பூட்டு இருப்பின் மீட்புத் திறவுகோலை முன்னரே தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். 'விரைவுத் துவக்கம்' என்னும் வசதியையும் நிறுத்திவிட வேண்டும். இன்றேல் விண்டோஸ் அரைத்துயிலில் இருக்க, அதன் பாகத்தில் லினக்ஸ் எழுத இயலாது போகும்.

கடிகாரமும் சிறிது குழப்பும். நாம் வீட்டில் முதன்முறை நிறுவிய மறுநாள், லினக்சை மூடி விண்டோசைத் திறந்தோம். பள்ளிவாசலில் லுஹர் பாங்கு ஒலிக்கின்றது. கணிப்பொறியோ காலை 7 மணி என்கின்றது. லினக்ஸ் உட்கடிகாரத்தை உலகப் பொதுநேரத்தில் வைக்க, விண்டோஸ் அதனையே உள்ளூர் நேரமாகக் கொண்டதால் வந்த ஐந்தரை மணி வேறுபாடு அது. உள்ளூர் நேரத்தையே பின்பற்றுமாறு லினக்சுக்கு ஒரு கட்டளை இட்டதும் சரியாயிற்று.

ஆனால் சரிசெய்ய இயலாத பிழையொன்றும் நம்மால் நேர்ந்தது. அதனை மறைத்தல் முறையன்று. மற்றொரு முறை நிறுவுகையில், 'விண்டோசுக்கு அருகில் நிறுவுக' என்பதற்கு மாறாக 'தட்டு முழுவதையும் அழித்து நிறுவுக' என்பதைத் தெரிவு செய்துவிட்டோம். கடற்கரை ஊர்களில் மூதாட்டியரிடம் கேட்டுத் தொகுத்த தாலாட்டுகளும் முனாஜாத்துகளும் அத்தட்டில் இருந்தன. குறிப்பேட்டில் எழுதியவை மட்டும் எஞ்சின. நேரே தட்டச்சு செய்தவை போயின. அவற்றைப் பாடிய மூதாட்டியருள் ஒருவர் அதற்குள் இறையடி சேர்ந்துவிட்டார். மீண்டும் கேட்க வழியில்லை. எனவே மாணவர்களே, முதலில் படியெடுத்து வேறோரிடத்தில் வையுங்கள். அதன்பின் தட்டில் கை வையுங்கள்! பிறர் நம்பித் தந்த பாடல் நம்மிடம் உள்ள அமானிதம்.

சில ஐயங்கள்

"ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் ஆகாதா? ஒன்றை விட்டு ஒன்றுக்கு மாறிவிடலாமே!" என்பர் சிலர். நாம் அதனை ஏற்கவில்லை. அச்சகத்தார் பயன்படுத்தும் பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் பல லினக்சில் இயங்குவதில்லை. அலுவலகங்கள் பலவும் விண்டோஸ் பழகியவரையே எதிர்பார்க்கின்றன. வேலை தேடிச் செல்லும் ஏழை மாணவரை நம் கொள்கைக்காக இடர்ப்படுத்தலாகாது. அதே வேளையில் ஒன்றை மட்டுமே அறிந்தவராகவும் அவரை அனுப்பலாகாது.

"இரண்டையும் நிறுவினால் போதுமா?" என்பது அடுத்த வினா. போதாது. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இடம்பெற்றது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் நாம் கண்ட மாணவருள் பெரும்பாலோர் அந்த இரண்டாவது கதவை ஒருநாளும் திறந்தவரல்லர். திறந்து காட்ட ஆசிரியர் இல்லாததே குறை. அக்குறையில் நமக்கும் பங்குண்டு.

முடிவுரை

நாம் வேண்டுவன மூன்றே. தமிழ்த்துறைக் கணிப்பொறிகளில் இரு தளங்களும் நிறுவப்பெறல் வேண்டும். மாணவர் அளிக்கும் ஒவ்வோர் ஆய்வேட்டின் கோப்பும் இரண்டிலும் திறந்து பார்க்கப்பெற்ற பின்னரே ஏற்கப்பெறல் வேண்டும். சமுதாயப் பெரியோர் தம் கடைகளிலும் அலுவலகங்களிலும் ஒதுக்கிவைத்த கணிப்பொறிகளைக் கல்லூரிக்கு அளித்து உதவுதல் வேண்டும். அவற்றைப் பழுதுநீக்கி இயங்கச் செய்வதே மாணவர்க்கு நல்லதொரு பயிற்சியாகும்.

பரணில் இருக்கும் அரபுத்தமிழ் நூலை எடுத்து, தூசு தட்டி, வாசிக்கத் தெரியாமல் மீண்டும் அங்கேயே வைத்துவிடும் நிலை நமக்கு வாய்த்தது. நாம் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு நம் பேரப்பிள்ளைகளும் அவ்வாறு திகைக்க வேண்டா. அதற்கான முயற்சி இக்கல்லூரியின் ஓர் அறையில், ஒரு கணிப்பொறியில் தொடங்கட்டும். வல்ல இறைவன் துணைபுரிவானாக!